ஒன்பதரை மணிக்குத் தட்டிய தட்டுகள்

ரெம்பியா, மலாக்கா,
அக்டோபர் 30

அன்பு மகள் திவ்யாவுக்கு அம்மா எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். இங்கே ஒரு மணி தாண்டிவிட்டது, மெல்பர்னில் நாலு மணி இருக்கும், போன் சத்தம் போட்டு நீ பதறி எழுந்திருக்கக்கூடாது என்று காலை ஏழுக்கு மேல்தான் இதைப் படம் பிடித்து அனுப்புவேன். இங்கே எல்லாரும் சாப்பிட்டு, மாத்திரை போட வேண்டியவர்கள் மாத்திரை போட்டு, அவரவர் இடத்தில் படுத்துத் தூங்குகிறார்கள், அதையே எங்கள் சுகம் என்று எடுத்துக்கொள். நீயும் அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தப் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ ஒரு கேள்வி கேட்பாய், நான் சிரித்து மழுப்பிவிடுவேன், அது நம் இரண்டு பேருக்கும் பழகிப்போன விஷயம். எழுதினால் மழுப்ப முடியாது என்று தோன்றியது.

தீபாவளி நல்லபடியாகப் போனது. தங்கா பத்துவிலிருந்து மலர்க்கொடி அத்தை வந்து மூன்று நாள் இருந்தார், முறுக்கு பிழிந்ததில் பாதி நாள் அவர் கை, பாதி நாள் என் கை, ஆனால் நன்றாக வந்ததெல்லாம் தன் கை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்கு ஒரு டின் எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது, ஜொகூர் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றால், லோரி என்ன கேட்டுக்கிட்டா ஓடுது என்கிறார். ராகினிக்குக் கண்ணாடி போட்டாயிற்று, போட்ட அன்றே உன் அறையில் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, அக்கா மாதிரி இருக்கேனா என்று கேட்டாள். சுங்கை ரம்பாய் கல்யாணத்துக்கு டிசம்பரில் நீ வரமுடியாது என்று சொல்லிவிட்டேன், அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நீ உள்ளே ஸ்வெட்டர் போடாமல் நூலகத்துக்குப் போகாதே. படம் அனுப்பினாயே, அதில் கழுத்தெல்லாம் எலும்பு தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். ராணுவம் ஆட்சியைப் பிடிக்கும்போது தெருவில் இறங்குகிற ஜனங்கள் உண்மையிலேயே ஜனநாயகம் வேண்டும் என்று இறங்குகிறார்களா, இல்லை பிழைப்புக்கு அடி விழுந்ததாலும் தங்கள் கட்சி போனதாலும் இறங்குகிறார்களா என்று நீ கேட்டிருக்கும் கேள்வி எனக்குப் புரிந்தது. நான் டிப்ளோமா படித்த காலத்தில் இப்படியெல்லாம் கேட்க எனக்குத் தெரியாது, உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு கடைசி செமஸ்டரை முடித்தால் போதும் என்று இருந்தேன். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் என் பிள்ளை எழுதியது என்று பெருமையாகத்தான் இருந்தது, நாற்பத்தொன்றாம் பக்கம் வரைக்கும். அந்தப் பக்கத்தில் மலாக்காவில் ஒரு தொழிற்சாலை விடுதி என்று எழுதியிருக்கிறாய். பர்மாத் தொழிலாளர்கள் தட்டு தட்டினார்கள், வெளியிலிருந்து பார்த்தவர்கள் அதை ராணுவத்துக்கு எதிரான போராட்டம் என்று நினைத்தார்கள், விசாரித்தபோது அது சோறு சரியில்லை என்ற புகார்தான், அங்கே வேலை பார்த்த அலுவலரே இதை உறுதிப்படுத்துகிறார் என்று. அந்த அலுவலர் நான். போன மாதம் நீ போனில் கேட்டபோது, அட அது சோத்துச் சண்டைலா என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் நீ நம்பி எழுதியிருக்கிறாய். திவ்யா, அது சோத்துச் சண்டை இல்லை. அப்படி முதலில் எழுதினதே நான்தான், நாலரை வருடமாக அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

உனக்கு அந்த மாதம் நினைவிருக்கும். கோவிட்டால் எஸ்.பி.எம். பரீட்சை தள்ளிப்போய்ப் பிப்ரவரியில் வந்ததே, நீ கதவைச் சாத்திக்கொண்டு படித்தாயே, அந்த மாதம். எங்கள் மேசை நாற்காலிக் கம்பெனியின் ஹாஸ்டல் நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால்தான் இருந்தது, அப்போது அங்கே பர்மாப் பையன்கள் நாற்பத்து மூன்று பேர். நோய்க்குப் பயந்து அவர்களை வேலைக்கும் அறைக்கும் தவிர வேறு எங்கும் விடவில்லை. பிப்ரவரி முதல் தேதி அவர்கள் நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சீனப் பெருநாள் லீவு முடிந்த வாரத்தில் ஒருநாள் ராத்திரி தட்டு, மூடி, வாளி, எதெல்லாம் கையில் கிடைத்ததோ அதையெல்லாம் எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்கள். சரியாகப் பதினைந்து நிமிடம், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். மறுநாளும் அதே நேரம். பேய் பிசாசை வீட்டைவிட்டு விரட்ட அங்கே அப்படித்தான் பாத்திரம் தட்டுவார்களாம், ஊர் முழுக்க ராத்திரி எட்டு மணிக்கு அப்படித் தட்டி ராணுவத்தை விரட்டுகிறார்கள் என்று டிவியிலும் காட்டினார்கள். நம் பையன்கள் தட்டியது ஒன்பதரைக்கு. நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், இங்கே ஒன்பதரை என்றால் அங்கே எட்டு. அவர்களுக்குச் சாப்பாடு வருவது ஏழு மணிக்கு. சோறு சரியில்லை என்றால் ஏழு மணிக்குத் தட்டுவான், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, தன் வீட்டில் அம்மா தட்டுகிற அதே நிமிடத்துக்காகக் காத்திருந்து எவனும் சோற்றுக்குத் தட்டமாட்டான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றரையைக் கழித்தேன், புரிந்துகொண்டேன், புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

நாலாம் நாள் மேனேஜர் சுகுமாரன் என்னைக் கூப்பிட்டார். என்ன கோமளா, ஹாஸ்டல்ல தைப்பூசமா நடக்குது, காவடி ஒண்ணுதான் பாக்கி, போலீஸ்ல இருந்து கேட்டா நான் என்ன சொல்றது, யாரு யாருன்னு பேரோட எழுதிக் குடு என்றார். எங்கள் ஆபீஸில் எதற்கும் ஒரு பாரம் உண்டு. தொழிலாளர் புகார் பாரத்தில் நாலு கட்டம் இருக்கும், மக்கானான், ஆஸ்ராமா, காஜி, லாயின்-லாயின், அதாவது சாப்பாடு, தங்குமிடம், சம்பளம், மற்றவை. ஒன்றில் டிக் போட்டுக் கீழே இரண்டு வரி எழுதித் தலைமை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். மற்றவை என்று டிக் போட்டால் என்னவென்று விளக்கி எழுத வேண்டும், எழுதினால் அரசியல் என்று எழுத வேண்டும், அரசியல் என்று போனால் நாற்பத்து மூன்று பேருக்கும் பெர்மிட் போய்விடும் என்று பயந்தேன். அதனால் சாப்பாடு என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கறி போதவில்லை என்று தொழிலாளர்கள் தட்டு தட்டித் தெரிவிக்கிறார்கள், அரசியல் நோக்கம் எதுவும் இல்லை என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயர்ப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவர் ஃபைலிலும் ஒரு பிரதி வைத்தேன். அவர்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. காப்பாற்றவும்தான் எழுதினேன், பொய் இல்லை. ஆனால் நீ ஒன்பதரைக்குக் காதைப் பொத்திக்கொண்டு வந்து, அம்மா இவங்கள நிறுத்தச் சொல்லுங்களேன் என்று கேட்டதும் என் மனதில் இருந்தது, சுகுமாரன் முன்னால் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்பதும் இருந்தது. எந்தக் காரணத்துக்கு எத்தனை பங்கு என்று இப்போது கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன் ஆராய்ச்சியில் அந்தப் பையன்களைக் கேட்கிற கேள்வியை என்னைக் கேட்டாலும் அதே கதிதான்.

பாரம் போனதும் தலைமை ஆபீஸ் சாப்பாட்டுக்காரரை மாற்றிவிட்டது. வாரம் இரண்டு நாள் கோழிப் பொரியல் வந்தது. அன்றைக்கு ஏழு மணிக்கு எல்லாரும் கோழியைச் சாப்பிட்டார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பதரைக்கு நான் வாசலில் நின்று காதைக் கொடுத்தேன். சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. பாதி நின்றுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம், பார்த்தாயா சோறுதான் காரணம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மீதிப் பாதிக்குச் சுகுமாரன் என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பினார். நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று மலாயில் சொன்னேன், இனிமேல் தட்டுகிறவர்களின் பெர்மிட் விஷயத்தில் கம்பெனி உதவாது என்று. அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் ஒரே ஒரு தட்டு கேட்டது. அதுவும் பலமாக இல்லை, கரண்டியால் மூடியை மெதுவாகத் தட்டுகிற சத்தம், ஆனால் பதினைந்து நிமிடமும் விடாமல்.

அது சிவசாமி. உனக்கு அவரைத் தெரியாது. மோல்மீன் பக்கத்துத் தமிழர், பாஸ்போர்ட்டில் பர்மாப் பெயர்தான் இருக்கும், சிவசாமி என்பது வீட்டுப் பெயர். அப்போது அவருக்கு முப்பது வயது. நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவார், சம்பளச் சீட்டில் ஏதாவது புரியாவிட்டால் என்னிடம்தான் வருவார். ஒரு வாரம் அவர் ஒருவரே தட்டினார். உன் சரித்திரப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நானே போனேன், சுகுமாரன் அனுப்பவில்லை, நானாகப் போனேன். தம்பி, போதும்பா, நாளைக்கு என் மகளுக்குப் பரீட்சை, பின்னாடி வீட்லதான் இருக்கா என்றேன். கரண்டி அப்படியே நின்றது. படிக்கிற புள்ளைக்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அந்தப் புள்ள நல்லா எழுதட்டும் என்று சொல்லிவிட்டு மூடியைக் கொண்டுபோய்ப் பானை மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் தட்டவே இல்லை. பெர்மிட்டைச் சொல்லிப் பயமுறுத்தியபோது நிறுத்தாதவர் உன் பரீட்சைக்காக நிறுத்தினார். நீ சரித்திரத்தில் ஏ வாங்கினாய். இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அவர் ஏன் தட்டினார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். நோய்க் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு, ஆபீஸ் வாசலில், விரல் ரேகை எடுக்க வரிசையில் நின்றபோது. எங்கம்மா முட்டி வலியோட மூணு மணி நேரம் வரிசையில நின்னு போட்ட ஓட்டு அக்கா, அதத் தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க, அந்தக் கோவம்தான் என்றார். சரி, மற்ற பையன்கள் என்றேன். சிரித்தார். ஒருத்தன் பேங்க்குல மாட்டிக்கிட்ட காசுக்குத் தட்டுனான், ஒருத்தன் பக்கத்துக் கட்டில்காரன் தட்டுறான்னு தட்டுனான், ஒருத்தன் அடைச்சு வெச்சதுல பைத்தியம் புடிச்சுத் தட்டுனான், எல்லாம் ஒரே சத்தமாத்தான் வந்துச்சு என்றார். பிறகு நான் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். அதுக்கு முன்னாடி அந்த முஸ்லிம் ஜனங்கள ஊரவிட்டு விரட்டுனாங்களேக்கா, வீட்டக் கொளுத்துனாங்களே, அப்ப நாங்க ஓட்டுப் போட்ட கட்சிதான் மேல இருந்துச்சு, அப்ப நான் ஒரு தட்டும் தட்டல, நல்லா வேணும்னுகூட நெனச்சேன், எங்க ஊர்ல என்னையும் கலான்னு, அவங்களச் சொல்ற மாதிரியே வந்தேறின்னுதான் ஏளனமாக் கூப்பிடுவாங்க, அப்படி இருந்தும் நெனச்சேன் என்றார். வரிசை நகர்ந்தது, அவர் போய் விரலை வைத்தார். அதனால் உன் அத்தியாயத்தில் நீ சொல்ல வருவது தப்பு என்று நான் சொல்லவில்லை மா. உன் சந்தேகம் சரியாகவே இருக்கலாம், சிவசாமியே உன் பக்கம்தான் சாட்சி சொல்வார். ஆனால் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நீ வைத்திருக்கும் உதாரணம் அவர்கள் சொன்னது இல்லை, நான் டிக் போட்டது. அது மட்டும் அங்கே இருக்கக்கூடாது.

இது வெறும் உன் பேப்பர் சமாச்சாரமாக மட்டும் இருந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். சிவசாமியின் பெர்மிட் நவம்பர் கடைசியோடு முடிகிறது, கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், புதுப்பிக்கப் போவதில்லை. போன வருடம் அவர்கள் நாட்டில் கட்டாய ராணுவச் சட்டம் வந்தது உனக்குத் தெரியும். முப்பத்தைந்து வரைக்கும் ஆண்களைக் கூப்பிடலாமாம், இவருக்கு இப்போது முப்பத்து நாலு. திரும்பிப் போனால் எந்த ராணுவத்துக்கு எதிராகத் தட்டினாரோ அதே ராணுவத்தின் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். கோலாலம்பூரில் ஒரு வக்கீலம்மா இப்படிப்பட்டவர்களுக்காக அகதி மனு தயார் செய்து கொடுக்கிறார். இவர் ராணுவத்தை எதிர்த்தவர் என்பதற்கு ஏதாவது சாட்சி வேண்டும் என்றும், கம்பெனி ஃபைலின் பிரதி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். செப்டம்பர் கடைசியில் சிவசாமி என் மேசைக்கு வந்து, அக்கா, நீங்கதான் பாத்தீங்களே, ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, ஃபைலையும் ஒரு காப்பி போட்டுக் குடுங்க என்றார். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் எடுத்துத் திறந்தேன். சம்பள ஒப்பந்தம், மருத்துவச் சோதனை, அதன் பின்னால் என் கையெழுத்து, அரசியல் நோக்கம் எதுவும் இல்லை.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா. ஃபைல் கிடைக்கவில்லை, தேடிப் பார்க்கிறேன் தம்பி என்றேன். ஃபைல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அக்டோபர் ஒன்பதாம் தேதி வக்கீலம்மாவைப் பார்க்கும் நாள், அன்றைக்கும் வெறுங்கையோடுதான் அவரை அனுப்பினேன். சாட்சி இல்லாமல் மனுவைக் கொடுத்தால் நிற்காது, இன்னொரு நாள் வாருங்கள் என்று நவம்பர் ஆறாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்து, பரவால்லக்கா, இவ்ளோ பெரிய ஆபீஸ், ஃபைல் எங்கயாச்சும் போயிருக்கும் என்று எனக்கே சமாதானம் சொன்னார். அந்தப் பாரத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிழித்துவிட்டால் ஃபைலும் சுத்தம், நானும் சுத்தம், லெட்டரில் அவர் அரசியலுக்காகத் தட்டினார் என்று எழுதலாம். ஆனால் தலைமை ஆபீஸில் ஒரு பிரதி இருக்கும், என்றைக்காவது இரண்டும் எதிரெதிரே வந்து நிற்கும், அப்போது பொய்யர் என்ற பெயர் அவருக்குத்தான் வரும். கிழிக்காமல் கொடுத்தால் கம்பெனியின் பாரத்தில் பொய் எழுதினேன் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும், என் வேலை இருக்குமோ போகுமோ, உன் கடைசித் தவணைக் கட்டணம் இருக்கிறது, ராகினி இருக்கிறாள். இப்படி யோசித்து யோசித்து ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டேன். அந்த மாதம் என்னுடையது இல்லை, அவருடையது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அப்பா ரங்கசாமி ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியபோது குழாய்த் தண்ணீர் கேட்டு ஒருநாள் யாரும் வேலைக்குப் போகவில்லையாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதைக் கள்ளுக்கடைத் தகராறு என்று எழுதித் துரைக்கு அனுப்பிவிட்டாராம். அப்பா சாகிற வரைக்கும் அந்தக் கிராணியைத் திட்டிக்கொண்டிருந்தார், ஒருவேளை அவரும் எங்களைக் காப்பாற்றத்தான் எழுதினாரோ என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், திட்டு வாங்க வேண்டியவர்கள் வரிசையில் நானும்தான்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. உனக்கு நாலு வயதாக இருந்தபோது நவம்பரில் கோலாலம்பூரில் நம் ஆட்களின் பெரிய பேரணி நடந்ததே, அதற்கு அப்பா போயிருந்தார், ஒரு செருப்போடு திரும்பி வந்தார், கண் இரண்டும் மூன்று நாள் சிவந்திருந்தது. நீங்க எதுக்குப் போனீங்க, உரிமைக்கா என்று இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். உரிமையாவது ஒண்ணாவது, கார்ல ஒரு எடம் இருக்கு வாடான்னு கூப்பிட்டானுங்க, லீவு நாள், போனேன் என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டே, ஆனா புகையைப் போட்டு விரட்டுனப்ப எனக்குப் பக்கத்துல ஓடுன கெழவன் ஒருத்தன் விழுந்துட்டான், அவனத் தூக்குனேன் பாரு, அப்பதான் எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சுச்சு, அதையெல்லாம் உன் பாரத்துல எந்தக் கட்டத்துல எழுதுவே கோமளா என்று கேட்டுவிட்டு லோரியை எடுக்கப் போய்விட்டார். அது எந்தக் கட்டம் என்று உனக்குத் தெரிந்தால் உன் பேப்பரில் எழுது, நான் படிக்கிறேன்.

நேற்று லெட்டரை எழுதிவிட்டேன். ஜனநாயகம் என்ற சொல்லை அதில் நான் போடவில்லை, அது சிவசாமியின் மனதுக்குள் இருக்கிற விஷயம், வக்கீலம்மா கேட்டால் அவர் சொல்லிக்கொள்ளட்டும். நான் பார்த்ததை மட்டும் எழுதினேன். எந்த வாரம் ஆரம்பித்தார்கள், எத்தனை பேர், ஒன்பதரை மணி, அவர்கள் ஊரில் அது எட்டு மணி, ஏழு மணிக்குக் கோழி வந்த பிறகும் தட்டினார்கள், நான் பெர்மிட்டைச் சொல்லி மிரட்டிய பிறகும் இவர் ஒருவர் ஒரு வாரம் தட்டினார், நான் கேட்டுக்கொண்டதால் நிறுத்தினார். ஃபைலில் உள்ள பாரத்தில் இருப்பது உண்மை அல்ல, அதை எழுதியது நான், தெரிந்தேதான் எழுதினேன் என்று கடைசியில் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பாரத்தைக் கிழிக்கவில்லை, காப்பி எடுத்து அதனோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் சுகுமாரனிடம் நானே சொல்லிவிட்டுத்தான் சிவசாமியிடம் கொடுப்பேன். சிவசாமியிடம் ஃபைல் இழுப்பறையில்தான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். மேனேஜரிடம் சொல்வதைவிட அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம். உன் அறையில் அலமாரிக் கதவின் உள்பக்கம் நீ ஒட்டிய படிப்பு அட்டவணை இன்னும் அப்படியே இருக்கிறது, ராகினி துணி வைக்கத் திறந்தபோது இன்று கண்ணில் பட்டது. பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்கும் தேதி போட்டு, கலர் பேனாவால் கோடு போட்டிருக்கிறாய். பிப்ரவரி பதினாறிலிருந்து ஒவ்வொரு நாள் கட்டத்திலும் ஒன்பதரை முதல் ஒன்பதே முக்கால் வரை, தட்டுச் சத்தம், படிக்க முடியல என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாய். கடைசி வாரத்தில் வட்டம் சின்னதாகி, ஒரு ஆள் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். சரித்திரப் பரீட்சைக்கு முதல் நாள் கட்டத்தில், இன்னிக்கு நிறுத்திட்டாங்க, தேங்க் காட் என்று இருக்கிறது. நான் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். பதினேழு வயதில் எரிச்சலில் நீ எழுதியதுதான், ஆனால் அந்த மாதத்தில் என்ன நடந்ததோ அதை நடந்தபடி எழுதி வைத்தது இந்த வீட்டில் நீ ஒருத்திதான். அதைப் படம் எடுத்து என் லெட்டரோடு வக்கீலம்மாவுக்குக் கொடுத்தால் சிவசாமிக்கு உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் அது உன் கையெழுத்து. கேட்காமல் இன்னொருத்தர் சார்பில் எழுதினதும் கொடுத்ததும் எனக்கு ஒரு தடவை போதும், நீ சரி என்று சொல்லாமல் அந்தக் கதவை நான் படம் எடுக்கமாட்டேன்.

உன் பேப்பர் அடுத்த வெள்ளிக்கிழமை போகிறது என்றாய், சிவசாமி அதற்கு முதல் நாள், நவம்பர் ஆறாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் கோலாலம்பூர் போகிறார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை மாற்ற உனக்கு நேரம் இருக்கும் என்று நம்புகிறேன். மாற்ற முடியாவிட்டால் என் பெயரைப் போட்டே எழுது, இந்த அலுவலர் பொய் சொன்னார் என்று, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், சாப்பாட்டில் மட்டும் அதைக் காட்டாதே. நீ நல்லபடியாகப் படித்து முடித்து, கண்ணும் காதும் திறந்தவளாக, யாருக்கும் பயந்து மாற்றி எழுதத் தேவையில்லாத இடத்தில் உட்கார வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் ஆசீர்வாதமும் ராகினியின் முத்தமும் இதோடு. இரும்புச் சத்து மாத்திரை தீர்ந்துபோயிருக்கும், வாங்கிக்கொள். சிவசாமிக்கு நாள் அதிகமில்லை, அதனால் சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
கோமளா பாலகிருஷ்ணன்